பெஞ்சில் ‘உபயம்’ எழுதுவதுதான் நன்றிக்கடனா?

வடக்குத்தெருவான்:
நண்பர் பழைய மானிட்டர் நேற்று ஒரு புகைப்படத்தை இட்டு, “எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் பட்ட கடனை இருபது பெஞ்சுகள் கொடுத்து அடைத்துவிட்டேன், ஒன்றும் செய்யாதவர்கள் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசக் கூடாது” என்று எழுதியிருந்தார். நானும் அதே பள்ளியில் படித்தவன் என்பதால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பெஞ்சிலும், பிள்ளைகள் நோட்டை விரித்து வைக்க வேண்டிய இடத்தில், சிவப்பு எனாமலில் ‘உபயம்’ என்று தொடங்கி அவர் பெயரும், பி.இ., எம்.பி.ஏ. பட்டங்களும் நான்கு அங்குல உயரத்தில் நிற்கின்றன. கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பார்களே, அந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது.

பழைய மானிட்டர்:
எழுத்தின் உயரம் இரண்டு அங்குலம். பெயிண்டருக்கு அளவு சொன்னவன் நான். பெயரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் கொடுக்க முன்வருவார்கள் என்றுதான் எழுதச் சொன்னேன். முன்னாள் மாணவர் சந்திப்புக்கு 500 ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கென்று தொலைபேசியை அணைத்து வைத்தவருக்கு இது புரியாது.

வடக்குத்தெருவான்:
அந்த 500 ரூபாயை மறுவாரமே கொடுத்துவிட்டேன்; ரசீது இருக்கிறது. பேச்சை மாற்ற வேண்டாம். நான்கு அங்குலம்.
காமராசர் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊரார் நிலமும் கட்டடமும் நாற்காலியும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1956-இல் தொடங்கிய மதிய உணவும் முதலில் ஊரார் கொடுத்த நன்கொடையில்தான் நடந்தது. அவர்களில் பலர் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர்கள். அடைக்க வேண்டிய கடன் எதுவும் இல்லாமலே கொடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் போட்ட சோற்றில் படித்து வந்த நாம், இருபது பெஞ்சைக் கொடுத்துவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நெல்லிக்காய்:
மதிய உணவைக் காமராசர்தான் முதலில் கொண்டுவந்தார் என்பது போல எழுதுவதை நிறுத்துங்கள். 1920-லேயே தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு கொடுத்தாயிற்று.

வடக்குத்தெருவான்:
‘முதலில்’ என்ற சொல் நன்கொடையைப் பற்றியது. வாசித்துவிட்டுக் கோபப்படவும்.

பழைய மானிட்டர்:
சோற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1983-இல் ஆறாம் வகுப்பில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன் நான். வடக்குத்தெருவான் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் வரும்.

வடக்குத்தெருவான்:
1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது சத்துணவு சிறு பிள்ளைகளுக்கும் தொடக்கப்பள்ளிக்கும்தான். உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு 1984-இல்தான் நீட்டித்தார்கள். ஆக, 1983-இல் ஆறாம் வகுப்பில் நீங்கள் சாப்பிட்டது என் டிபன் பாக்ஸில் இருந்த புளிச்சோறு. அதற்கு ‘உபயம்’ என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பிகளா, இருவரையும் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வைத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து எழுதுவார்கள். வடிவியல் பெட்டி ஒன்றே ஒன்று இருக்கும், தேர்வு அறையில் அது கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் மணி அடித்துவிடும். அதை நினைத்தால் பெஞ்சு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எனாமல் பூசிய இடத்தில் தாளை வைத்து எழுதினால் பேனா வழுக்கும். பெயரைப் பக்கவாட்டில் எழுதியிருக்கலாம்.

பழைய மானிட்டர்:
டீச்சர் அவர்களுக்கு என் வணக்கம். பக்கவாட்டில் எழுதினால் யார் பார்ப்பார்கள்?

வடக்குத்தெருவான்:
நண்பர் வாயாலேயே வந்துவிட்டது. எல்லோரும் குறித்துக்கொள்ளவும்.

நெல்லிக்காய்:
தியாகராயரைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய மானிட்டர்:
குறித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நான் கொடுத்தேன், நீங்கள் கொடுக்கவில்லை. இரண்டு அங்குல எழுத்தை நான்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவதுதான் நீங்கள் பள்ளிக்குக் காட்டும் நன்றி என்றால் காட்டிக்கொண்டிருங்கள்.

வடக்குத்தெருவான்:
நான் அந்தப் பள்ளிக்கு என்ன செய்தேன் என்பது பள்ளிக்குத் தெரியும்; அதைச் சுவரில் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. நாளைக் காலை அந்த வழியாகத்தான் போகிறேன். அளவுகோலோடு உள்ளே போய் அளந்து படம் போடுகிறேன்.

பழைய மானிட்டர்:
நாளை ஞாயிற்றுக்கிழமை. பள்ளி பூட்டியிருக்கும்.