இன்டர்மீடியட் பள்ளியில் பிள்ளைகளின் முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

கேள்வி: பள்ளி வாரிய உறுப்பினர், தெற்கு ஆக்லாந்து

அனைவருக்கும் வணக்கம். என் மகள் படிக்கும் இன்டர்மீடியட் பள்ளியின் வாரியத்துக்குப் பெற்றோர் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். நியூசிலாந்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏழாம், எட்டாம் ஆண்டுகள் மட்டுமே உள்ள பள்ளி இது. பதினொரு வயதில் வரும் பிள்ளைகள் இரண்டே ஆண்டில் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். 1989ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பள்ளிகளைப் பெற்றோர் வாரியங்களிடம் ஒப்படைத்ததிலிருந்து, பிள்ளைகள் முன்னேறுகிறார்களா என்று கேட்கும் பொறுப்பு எங்களைப் போன்றவர்களிடமே இருக்கிறது.

சென்ற கூட்டத்தில் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றுக்கும், எதிர்பார்க்கும் நிலையை எட்டியவர்கள் எத்தனை சதவீதம் என்று மாவோரி (இந்நாட்டின் பூர்வகுடிகள்), பசிபிக், ஆசியர், ஐரோப்பியர் என இனவாரியாக ஓர் அட்டவணை வைத்தார்கள். பசிபிக் பிரிவைச் சமோவா, டோங்கா, குக் தீவுகள் என்று மேலும் பிரித்திருந்தார்கள். டோங்கா வரிசை சென்ற ஆண்டைவிடக் குறைந்திருந்தது. அதைப் பார்த்து ஓர் உறுப்பினர், "அந்த வீடுகளில் படிப்பின் மீது அக்கறை இல்லை" என்றார். எனக்கு எதிரே டோங்காவைச் சேர்ந்த ஒரு தந்தை உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்தப் பேச்சு தவறு என்று எனக்குத் தெரிந்தது; ஆனால் எதைக் கொண்டு மறுப்பது என்று தெரியாமல் நானும் வாய்மூடி இருந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1: ஏழாம் ஆண்டு ஆசிரியை

முதலில் அந்தச் சதவீதத்துக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு பிரிவில் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு குழந்தை தேர்வு நாளில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தாலும் அந்த வரிசை பதினொரு சதவீதம் சரிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், சென்ற ஆண்டு அந்த வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று பள்ளியிலேயே இல்லை என்பதுதான். எட்டாம் ஆண்டு முடித்தவர்கள் போய்விட்டார்கள், வேறு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வேறு வேறு பிள்ளைகளை ஒப்பிட்டுவிட்டுக் குறைந்தது, கூடியது என்று சொல்வது எங்கள் பள்ளிகளில் ஊறிப்போன பழக்கம். ஒவ்வொரு ஆண்டிலும் பிள்ளை எட்ட வேண்டிய நிலையை வகுத்த தேசியத் தர அளவுகோல்கள் நடைமுறையில் இருந்த 2010 முதல் 2017 வரையிலான ஆண்டுகளில் அது இன்னும் வேரூன்றியது என்பது என் கருத்து.

நீங்கள் கேட்க வேண்டியது ஒரே குழந்தையின் பயணத்தை. ஏழாம் ஆண்டு பிப்ரவரியில் எங்கே நின்றது, அந்த ஆண்டு நவம்பரில் எங்கே, எட்டாம் ஆண்டு பிப்ரவரியில் எங்கே, கிளம்பும்போது எங்கே? பி.ஏ.டி., இ-ஆசில் போன்ற, நியூசிலாந்துப் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்ட பொதுத் தேர்வுகளின் அளவுகோல் ஆண்டு தாண்டி ஒப்பிடுவதற்காகவே அமைக்கப்பட்டது. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் நீண்ட கோடை விடுமுறை வருகிறது. தெற்கு ஆக்லாந்துப் பள்ளிகளில் ஸ்டூவர்ட் மெக்நாட்டன், மேய் குயின் லாய் போன்றோர் செய்த ஆய்வுகள், ஆண்டு முழுவதும் ஏறிய வாசிப்பு அந்தக் கோடையில் இறங்கிவிடுவதைக் காட்டின. இன்டர்மீடியட் பள்ளியின் கையில் இருப்பது ஒரே ஒரு கோடைதான். டிசம்பரில் நூலகப் புத்தகங்களை எல்லாம் திருப்பி வாங்கி அடுக்கிப் பூட்டிவிட்டு, பிப்ரவரியில் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று வருந்தும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு வாரம் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்கிறதா என்று வாரியம் கேட்கலாம்.

பதில் 2: ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்பிப்பவர், ஹாமில்டன்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இனவாரி அட்டவணையே வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. பள்ளிச் சராசரி நன்றாக இருக்கும்போது அதன் அடியில் மாவோரிப் பிள்ளைகள் பின்தங்கிக் கிடந்தது பிரித்து எண்ணியதால்தான் வெளியே வந்தது.

"வீட்டில் அக்கறை இல்லை" என்ற பேச்சுக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் பிஷப், மேரே பெரிமன் ஆகியோர் 2001இல் தொடங்கிய தே கோட்டாஹிடாங்கா திட்டத்தில், மாவோரி மாணவர்களின் படிப்பை எது தீர்மானிக்கிறது என்று மாணவர், குடும்பத்தார், முதல்வர்கள், ஆசிரியர்கள் எல்லோரிடமும் கேட்டார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் வீட்டையும் பிள்ளைகளின் குறைகளையும் சுட்டினார்கள். மாணவர்களோ வகுப்பறையில் ஆசிரியர் தங்களோடு கொண்டிருக்கும் உறவைச் சொன்னார்கள். அது உயர்நிலைப் பள்ளிகளில் நடந்ததுதான் என்றாலும், உங்கள் கூட்டத்தில் பேசியவர் கேட்டிருக்க வேண்டிய செய்தி.

அடுத்தது மொழி. 17க்கும் 42க்கும் 'டிஃபரன்ஸ்' என்ன என்ற கணக்குக்கு ஒரு பையன், "ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை" என்று எழுதியிருந்தான். அட்டவணையில் அவன் கணிதத்தில் பின்தங்கியவன். பக்கத்தில் உட்கார்ந்து 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னபோது மனத்திலேயே கழித்து 25 என்றான். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் ஆங்கிலம் இரண்டொரு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டினார். ஆகவே விடைத்தாள்களை ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து படிக்கிறார்களா என்று கேளுங்கள். சதவீதம் எங்கே பழுது என்று காட்டாது, தவறான விடை காட்டும்.

இன்னொன்று, நம்மவர்களைத் தொட்டது. ஃபிஜி இந்தியக் குடும்பங்கள் சேர்க்கைப் படிவத்தில் 'ஃபிஜியர்' என்று குறித்தால் பிள்ளை பசிபிக் வரிசையில் சேர்ந்துவிடும், 'ஃபிஜி இந்தியர்' என்று குறித்தால் ஆசியர் வரிசையில் சேரும். அந்த ஆசியர் வரிசையில் பத்தாண்டுகளாக இங்கே வாழும் பொறியாளர் வீட்டுப் பிள்ளையும் சென்ற மாதம் வந்திறங்கிய பிள்ளையும் சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள். வரிசை உயர்ந்ததை வைத்து அந்தப் பிள்ளைகள் எல்லோரும் நலம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பதில் 3: இரு பிள்ளைகளின் தாய், மாங்கெரே

நான் விமான நிலையத்தில் இரவுப் பணி செய்கிறேன். பெற்றோர் சந்திப்பு மாலை ஐந்திலிருந்து ஏழுவரை என்றால் நான் வர முடியாது. இரண்டு ஆண்டுகள் நான் 'வராத பெற்றோர்' பட்டியலில் இருந்திருப்பேன். பிறகு வந்த வகுப்பாசிரியர் ஒரு நாள் காலை 7.30க்குத் தொலைபேசியில் அழைத்து, என் மகன் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். பள்ளியிலிருந்து குறை சொல்வதற்கு அல்லாமல் வந்த முதல் அழைப்பு அதுதான். அக்கறை இல்லை என்று சொன்னவர் எங்கள் வேலை நேரத்தை விசாரித்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அந்த டோங்காத் தந்தையைத் தேடிச் சென்று, அன்று பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் வீட்டில் ஞாயிறுதோறும் பிள்ளைகள் டோங்கா மொழியில் விவிலியத்தை உரக்க வாசிப்பதாகவும், கடினமான சொல் வந்தால் தாத்தா நிறுத்திப் பொருள் கேட்பதாகவும் சொன்னார். பள்ளியில் யாரும் இதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லையாம்.

அடுத்த கூட்டத்துக்கு, ஏழாம் ஆண்டில் சேர்ந்து எட்டாம் ஆண்டில் தொடரும் பிள்ளைகளின் மதிப்பெண்களை மட்டும் தனியாக எடுத்துத் தரும்படியும், கணிதத் தாள்கள் பத்தைப் பெயர் மறைத்துக் கொண்டுவரும்படியும் முதல்வருக்கு எழுதியிருக்கிறேன். கோடைப் புத்தகங்களைப் பற்றி நவம்பருக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். கோடைப் புத்தகங்கள் பற்றிய அந்தத் தீர்மானத்தை முன்மொழிய டோங்காத் தந்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்.