டூல் குழுவின் ‘ஃபியர் இனாக்குலம்’: 13 ஆண்டுகள் காத்திருந்தவர்களும் காத்திராதவர்களும்

அமெரிக்க ராக் இசைக்குழுவான டூலின் ‘ஃபியர் இனாக்குலம்’ ஆல்பம் 2019 ஆகஸ்டு 30 அன்று வெளிவந்தபோது, முந்தைய ஆல்பமான ‘10,000 டேஸ்’ வந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரத்தில் இக்குழுவை விரும்பிக் கேட்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருக்குள்ளும் இந்த ஆல்பம் எழுப்பிய கருத்து வேறுபாட்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். யார் எப்படிக் கேட்டார்கள் என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தாமதத்திற்கு ஒரே காரணம் இல்லை. 2015இல்தான் முடிவுக்கு வந்த நீண்ட வழக்கு ஒன்று குழுவின் காலத்தையும் மனநிலையையும் தின்றது. அவர்களுடைய வேலைமுறையும் மெதுவானது. கிட்டார் கலைஞர் ஆடம் ஜோன்ஸ், பேஸ் கலைஞர் ஜஸ்டின் சான்ஸெலர், டிரம்ஸ் கலைஞர் டேனி கேரி ஆகிய மூவரும் இசையை மாதக்கணக்கில் வாசித்து வாசித்து உருவாக்குவார்கள். அது நிலைபெற்ற பின்னரே மேனார்ட் ஜேம்ஸ் கீனன் சொற்களையும் குரலையும் சேர்ப்பார். கீனன் இடையில் வேறு இரண்டு குழுக்களில் பாடியதாலும், அரிசோனாவில் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் தயாரித்ததாலும், தாமதத்தின் பழி முழுவதையும் ரசிகர்கள் அவர்மேல் சுமத்தினார்கள். இது நியாயமற்ற பழி என்றே கருதுகிறேன்.

எங்கள் ஊரில் காத்திருப்பு என்பது பழையதையே திரும்பத் திரும்பக் கேட்பதாக இருந்தது. 2019 ஆகஸ்டு 2 வரை டூலின் ஆல்பங்கள் எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் இல்லை. கைமாறி வந்த பென் டிரைவில் தரம் குறைந்த எம்பி3 கோப்புகளாகத்தான் 1996இன் ‘ஏனிமா’வையும் 2001இன் ‘லேட்டரலஸ்’ஸையும் நாங்கள் மனப்பாடம் செய்திருந்தோம். ஆகவே புதிய ஆல்பத்தைக் கேட்க உட்கார்ந்த ஒவ்வொருவரின் மனத்திலும், அது எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

மார்த்தாண்டம் அருகே ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் என் நண்பர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தாளக் கணக்கு ஐந்தும் ஏழுமாக மாறி மாறி வரும் ‘ஸ்கிஸம்’ பாடலின் பேஸ் வரியை, இசைக்குறிப்பு எதுவும் இல்லாமல் காதால் கேட்டே கற்றுக்கொண்டவர் அவர். வெளியான வெள்ளிக்கிழமை இரவிலேயே ஆல்பத்தை முழுவதும் கேட்டுவிட்டு என்னை அழைத்தார். “மக்கா, சண்டைக்கு நிப்பாருன்னு பாத்தா மனுசன் தியானத்துல இருக்காரு” என்றார், கீனனைப் பற்றி. கோபத்தைவிட அவர் குரலில் வருத்தமே மிகுந்திருந்தது. ஆல்பத்தில் ஆறு பாடல்கள் பத்து நிமிடங்களைத் தாண்டுகின்றன என்பது அவருக்குக் குறையாகத் தோன்றவில்லை. அந்த நீளத்தில் குரல் மிகக் குறைவாக வருவதும், வரும்போது அடங்கிய தொனியிலேயே வருவதும், பாடல்கள் பலவும் மெதுவாகத் தொடங்கி மெல்ல ஏறி இறுதியில் வெடிக்கும் ஒரே அமைப்பைக் கொண்டிருப்பதும்தான் அவருடைய குறைகள்.

கடைசிக் குறையில் உண்மை இருக்கிறது. ‘டிசெண்டிங்’ பாடலையும் ‘இன்வின்சிபிள்’ பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டும் ஏறும் வழி ஏறக்குறைய ஒன்றுதான் என்பது புலப்படும். ஆனால் குரலைப் பற்றிய குறையை என்னால் ஏற்க முடியவில்லை. ‘ஏனிமா’ வந்தபோது கீனனுக்கு 32 வயது. இந்த ஆல்பம் வந்தபோது 55. முதுமையை எட்டிய ஒரு போர்வீரன், தன் காலம் இன்னும் முடியவில்லை என்று தன்னையே தேற்றிக்கொள்வதுதான் ‘இன்வின்சிபிள்’ பாடலின் பொருள். அந்தப் பாடலைப் பழைய அலறலோடு பாடியிருந்தால் பொருளே பொய்யாகியிருக்கும். இதை நண்பரிடம் பலமுறை சொல்லியும் அவர் இன்றுவரை இசையவில்லை. இசைய வேண்டிய கட்டாயமும் இல்லை; அவ்வளவு காலம் அந்தப் பழைய குரலோடு வாழ்ந்தவர் அவர்.

திருவட்டாறு பக்கத்தில் கோவில் திருவிழாக்களில் செண்டை வாசிக்கும் மற்றொரு நண்பர் ராக் இசை கேட்பவர் அல்லர். டேனி கேரி தபலா பயின்றவர் என்று நான் சொன்னதால் மட்டுமே ‘நியூமா’ பாடலைக் கேட்கச் சம்மதித்தார். அந்தப் பாடலில் மின்னணுத் தாளப் பட்டைகளிலிருந்து கேரி எழுப்பும் தபலா போன்ற ஒலியைக் கேட்டதும், அவர் விரல்கள் தொடையில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டன. செண்டை மேள வகைகளில் ஒன்றான பஞ்சாரி மேளம், முதல் காலத்தில், அதாவது முதல் வேகநிலையில், ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று தொடங்கி, 48, 24, 12, 6 என்று பாதிபாதியாகக் குறைந்துகொண்டே வேகம் ஏறும். முதல் காலத்தின் நிதானத்தைப் பொறுக்காதவனுக்குக் கடைசிக் காலத்தின் வேகம் வெறும் சத்தம்தான் என்று அவர் விளக்கியபோது, இந்த ஆல்பம் என்ன கேட்கிறது என்பது எனக்கு முன்னைவிடத் தெளிவாயிற்று. வியப்பு என்னவென்றால், கேரியின் தனி வாசிப்பாக அமைந்த ‘சாக்லேட் சிப் டிரிப்’ அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. “இது கையக் காட்டுதது, மேளம் இல்ல” என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். நான் மிகவும் ரசித்த பகுதி அது. இருப்பினும், மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் கேரியின் கை முழுமையாகத் தெரிகிறது என்ற அவர் கருத்தோடு இப்போது ஒத்துப்போகிறேன்.

குலசேகரத்தில் பால்வெட்டும் தம்பி ஒருவர் விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் தோட்டத்தில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்வார். “பாட்டு மாத்த வேண்டி கையத் தொடைக்க வேண்டாம் அண்ணே” என்பதுதான் நீண்ட பாடல்களைப் பற்றி அவர் சொன்ன முதல் பாராட்டு. அவர் மிகவும் வெறுத்தது, டிஜிட்டல் வடிவத்தில் மட்டும் இடையிடையே சேர்க்கப்பட்ட மூன்று சிறு ஒலித்துண்டுகளை. அவை ஆல்பத்திற்கு எதையும் சேர்க்கவில்லை என்பதே என் எண்ணமும். சிறிய திரையும் ஒலிபெருக்கியும் பொருத்திய பெட்டியில் வந்த குறுந்தட்டுப் பதிப்பில் அவை இல்லை. அதில் ஏழு பாடல்கள் மட்டுமே.

என் அக்கா மகள் கல்லூரியில் படித்த காலத்தில் இந்த ஆல்பத்தின் வழியாகத்தான் டூலை முதன்முதலில் கேட்டாள். காத்திருப்பு என்ற சுமை அவளுக்கு இல்லை. 15 நிமிடங்களுக்கு மேல் ஓடும் ‘டெம்பஸ்ட்’ பாடலில் ஆடம் ஜோன்ஸின் கிட்டார் ஒரே கருத்தை எத்தனை கோணங்களில் திருப்பிப் பார்க்கிறது என்பதை, எங்களில் எவருக்கும் முன்பாக அவள்தான் கவனித்துச் சொன்னாள். அதே பாடல் 2020இல் சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்கான கிராமி விருதைப் பெற்றது. பின்னர் அவள் பின்னோக்கிச் சென்று ‘ஏனிமா’வைக் கேட்டுவிட்டு, “இதுல ஏன் மாமா இவ்வளவு அவசரம்?” என்று கேட்டாள். நாங்கள் உயிராக நினைத்த வேகம் அவளுக்கு அவசரமாகப்பட்டது. எங்கள் ஏமாற்றத்தில் ஆல்பத்தின் பங்கு எவ்வளவு, 13 ஆண்டுகளின் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பாடல்களின் அமைப்பு ஒன்றுபோல் இருப்பது ஆல்பத்தின் குறை. மற்றவற்றில் பெரும்பகுதி எங்கள் எதிர்பார்ப்பிலிருந்து வந்தது.

இதுவரை கேட்காதவர்கள் ‘நியூமா’விலிருந்து தொடங்கலாம். பேஸும் டிரம்ஸும் ஒன்றையொன்று கவ்வி நகர்வதை நல்ல இயர்போனில் கேட்பது அவசியம். கைபேசியின் ஒலிபெருக்கியில் பேஸ் வரி பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அடுத்து ‘இன்வின்சிபிள்’ கேட்டுவிட்டு, ‘டிசெண்டிங்’கை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். ‘டெம்பஸ்ட்’ பாடலுக்கு முன்னால் வேறு எதையும் கேட்காதீர்கள். அது தனியாகக் கேட்க வேண்டிய பாடல்.