ஹாக்கி ஊரில் கூடைப்பந்து அணி நிற்குமா? அப்போ புதுச்சேரியில்?

மஞ்சக்குப்பம்22 (கேள்வி)

அடிக்கடி காதில் விழுகிற வாதம் இது: "கனடாவோட வான்கூவர் ஐஸ் ஹாக்கி ஊர். அதனாலதான் அங்கே என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி ஆறே வருஷத்துல மூட்டை கட்டிருச்சு." அதே மூச்சில் "புதுச்சேரி கிரிக்கெட், கால்பந்து ஊர். இங்கே காசு கொடுத்து யார் கூடைப்பந்து பார்ப்பாங்க?" என்று முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒரு ஊர் ஏற்கெனவே ஒரு ஆட்டத்துக்கு உயிரை விடுதுன்னா, இன்னொரு ஆட்டம் அங்கே டிக்கெட் வித்துப் பிழைக்க முடியாதா? அடுத்தது, புதுச்சேரியையும் கடலூரையும் சேர்த்து ஒரு அணின்னு வெச்சா, உப்பளம் ராஜீவ் காந்தி உள்ளரங்கம் மாதிரி ஒரு இடத்துல வருஷத்துக்கு எத்தனை மேட்ச் கட்டுப்படியாகும்? "ரசிகர் ஆதரவு இருந்தா எதுவும் முடியும்" வகைப் பதில் வேண்டாம். தரை, தேதி, காசு இந்த மூணுல பேசுங்க.

லாஸ்பேட்டை பாயிண்ட்கார்டு

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில்.

வான்கூவர் கிரிஸ்லீஸும் டொரண்டோ ராப்டர்ஸும் 1995இல் ஒன்றாக லீக்குக்குள் வந்தவை. அதற்கு முந்தைய வருடம்தான் வான்கூவரின் ஹாக்கி அணி கனக்ஸ், ஐஸ் ஹாக்கியின் பெரிய பட்டமான ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்று வரை போயிருந்தது. ஊரே ஹாக்கி ஜுரத்தில் இருந்த அந்த நேரத்திலும், கிரிஸ்லீஸின் முதல் சீசனுக்கு மேட்சுக்குச் சராசரியாகச் சுமார் 17,000 பேர் வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது 15 வெற்றி, 67 தோல்வி. அதில் தொடர்ச்சியாக 23 தோல்வி. ஆறு சீசனையும் கூட்டினால் 101 வெற்றி, 359 தோல்வி. ஒரு சீசனில் கூட 23 வெற்றியைத் தாண்டவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் கடைசி வருடத்தில் சராசரி 13,000க்குக் கீழே போகவில்லை. இதை "கூட்டமே வரவில்லை" என்று சொல்வது அநியாயம்.

அணி ஏன் அப்படித் தோற்றது? புது அணிகள் இரண்டுக்கும் முதல் சில வருடங்கள் டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரரை எடுப்பது) முதல் இடத்துத் தேர்வு கிடையாது என்று நிபந்தனை. 1999இல் வான்கூவர் இரண்டாவது இடத்தில் எடுத்த ஸ்டீவ் ஃபிரான்சிஸ் அங்கே ஆட மாட்டேன் என்று நின்று, ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டார். இதற்கு மேல் நாணயப் பிரச்சினை: டிக்கெட் விற்பது கனடா டாலரில், ஆட்டக்காரர் சம்பளம் அமெரிக்க டாலரில். 2001 வாக்கில் ஒரு கனடா டாலருக்கு 65 அமெரிக்க சென்ட்தான் கிடைத்தது. அரங்கம் நிறைந்தாலும் கையில் நிற்பது மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அணி இரண்டு முறை கைமாறி, 2000இல் வாங்கியவர் 2001இல் மெம்ஃபிஸுக்குக் கொண்டுபோனார்.

டொரண்டோவும் அச்சு அசல் ஹாக்கி ஊர்தான். ராப்டர்ஸ் முதல் சீசன் 21 வெற்றி, 61 தோல்வி. அதுவும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 1998இல் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸை வைத்திருந்தவர்களே ராப்டர்ஸையும், கட்டிக்கொண்டிருந்த அரங்கத்தையும் சேர்த்து வாங்கினார்கள். 1999 முதல் இரண்டு அணியும் ஒரே கூரையின் கீழ். அப்போது என்பிஏவில் 41 சொந்த ஊர் மேட்ச், ஹாக்கியில் 41. ஒரே முதலாளி என்றால் 82 இரவுக்கு விளக்கு எரிகிறது, கடைக்காரர், காவலாளி, டிக்கெட் ஆள் எல்லாருக்கும் ஒரே சம்பளப் பட்டியல். ஹாக்கிக்காரன் பணம்தான் அங்கே கூடைப்பந்துக்குத் தோள் கொடுத்தது. 2019இல் கோப்பையும் வந்தது.

தலைகீழ் உதாரணம் சியாட்டில். அப்போது என்எச்எல் (ஐஸ் ஹாக்கி லீக்) அணியே இல்லாத, 1979இல் என்பிஏ கோப்பை ஜெயித்த ஊர். 2008இல் சூப்பர்சோனிக்ஸ் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது அரங்கத் தகராறில். ஆகவே ஊருக்குப் பிடித்த ஆட்டம் எது என்று கேட்பதற்கு முன்னால், அரங்கச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று கேளுங்கள்.

தரைக்காரன்

மேலே சொன்ன "ஒரே கூரை" விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஊருக்கும் அது நேரா பொருந்தும்.

ஹாக்கியும் கூடைப்பந்தும் பங்கு போடற அரங்கத்துல, மேட்சுக்கு மேட்ச் ஐஸை உருக்கறதில்லை. சுமார் ஒரு அங்குல கனத்துக்கு ஐஸ் அப்படியே கிடக்கும். மேல வெப்பம் கடத்தாத பலகை, அதுக்கு மேல 4 அடிக்கு 8 அடி மரப்பலகை இருநூத்துச் சொச்சம், நம்பர் போட்டு ஒண்ணோட ஒண்ணு கோத்திருப்பாங்க. ராத்திரியோட ராத்திரியா சில மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். தப்பு எங்க நடக்கும்னா, வெளிய திடீர்னு சூடும் ஈரமும் ஏறி, கதவு திறந்து கூட்டம் உள்ள வரும்போது. ஈரக்காத்து குளிர்ந்த தரையைத் தொட்டதும் சொட்டுச் சொட்டா வேர்க்கும். 2016 நவம்பர் 30 அன்னைக்கு ஃபிலடெல்ஃபியாவுல சாக்ரமென்டோ அணியோட நடக்க வேண்டிய என்பிஏ மேட்சை இதனாலயே தள்ளி வெச்சாங்க. ஆட்டக்காரங்க ரெடி, கூட்டம் ரெடி, தரை மட்டும் வழுக்குது.

புதுச்சேரியில ஐஸ் இல்லையே, நமக்கென்னன்னு விடாதீங்க. கடலோரத்துல 30 டிகிரி சூடு, 75 சதவீதம் ஈரப்பதம் சாதாரண சாயங்காலம். அந்தக் காத்தோட பனிப்புள்ளி, அதாவது ஈரம் தண்ணியா படிய ஆரம்பிக்கற சூடு, சுமார் 25 டிகிரி. நல்ல எண்ணத்துல ஒருத்தர் ஏசியை 20ல வெச்சு அரங்கத்தை ஜில்லுனு ஆக்குவார். தரை 22க்கு இறங்கும். ஆறரை மணிக்கு நாலு பக்கக் கதவையும் திறந்து விடுவாங்க. பத்து நிமிஷத்துல மூணு பாயிண்ட் கோட்டுப் பக்கம் தரை மினுமினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஷூ கீச்சுனு சத்தம் போடாம சறுக்கும்போதுதான் தெரியும்.

செய்ய வேண்டியது: ஏசியை முந்தின ராத்திரியே போட்டு ஓட விடுங்க, 26க்குக் கீழ வேண்டாம். குளிர வைக்கறதை விட ஈரத்தை இழுக்கறதுதான் முக்கியம். கூட்டத்துக்கு ஒரே பக்க வாசல், அதுலயும் ரெட்டைக் கதவு. கதவு திறக்கறதுக்கு முன்னாடி கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல நாலு மூலை, நடு வட்டம், ரெண்டு ரிங்குக்கும் கீழ, இத்தனை இடத்துலயும் தரை சூட்டைப் பாருங்க. தரை, பனிப்புள்ளியை விட 2 டிகிரியாவது மேல இல்லைனா கதவைத் திறக்காதீங்க. ரெண்டு ரிங் கீழயும் ரெண்டு ரெண்டு பசங்க, கையில அகலமான காய்ஞ்ச பருத்தித் துணி. ஈர மாப் போடற புண்ணியவானை உள்ளயே விடாதீங்க.

மரத்தரை போடறதா இருந்தா சுவரோரம் இடைவெளி விட்டே ஆகணும். ஐப்பசி மழையில மரம் அகலவாக்குல ஊதும். இடம் இல்லைனா பலகை ஓரம் தூக்கிக்கிட்டு நடு குழியும். வருஷம் முழுக்க ஈரத்தைக் கட்டுப்படுத்த ஆளும் கரன்ட்டும் இல்லைனா, பாயாட்டம் விரிக்கற வினைல் தரை போட்டுக்கறதுதான் புத்திசாலித்தனம். பார்க்க கம்பீரம் குறைச்சல், ஆனா ஊதாது.

அளவுல ஏமாறாதீங்க. கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுத்தி 2 மீட்டர் காலி வேணும், அதாவது 32க்கு 19. தலைக்கு மேல 7 மீட்டருக்கு எதுவும் தொங்கக் கூடாது. கேலரியில "இன்னும் ரெண்டு வரிசை போடலாம்"னு அந்த 2 மீட்டர்லதான் கை வைப்பாங்க. வேகமா லேஅப் (ரிங்குக்கு ஓடிக்கிட்டே பந்து போடறது) போட்டு ஓடி வர்றவன் நேரா முதல் வரிசை மடியிலதான் விழுவான்.

விளக்கு பழைய மெட்டல் ஹாலைடா இருந்தா, கரன்ட் ஒரு கண் சிமிட்டு சிமிட்டினாலும் மறுபடி எரிய அஞ்சு முதல் பதினஞ்சு நிமிஷம் ஆகும். ஜெனரேட்டர் இருந்தும் பிரயோஜனம் இல்லை, பல்பு ஆறணும். எல்இடிக்கு மாத்துங்க. ஸ்கோர் போர்டுக்கும் 24 செகண்ட் கடிகாரத்துக்கும் தனி யுபிஎஸ். ரிங் ஸ்பிரிங், போல்ட் எல்லாம் உப்புக்காத்துல ஒரே வருஷத்துல பிடிச்சுக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு, மாசம் ஒரு தடவை ஸ்பிரிங்கை அமுக்கிப் பாருங்க.

மஞ்சக்குப்பம்22

தரைக்காரன் அண்ணே, தரைக்கு இதுக்கு மேல கேட்க எதுவும் இல்லை. தேதியும் காசும் தெரிஞ்சவங்க வாங்க. கடலூர்ல இருந்து வர்றவங்களையும் கணக்குல சேர்த்துக்கோங்க, 22 கிலோமீட்டர்தான்.

முத்தியால்பேட்டை கணக்கு

காசுல இருந்து ஆரம்பிக்கிறேன். கீழே இருப்பது கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள், உங்கள் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

2,500 இருக்கை, 60 சதவீதம் நிரம்பினால் 1,500 பேர். டிக்கெட் 150 ரூபாய். ஒரு மேட்சுக்கு 2,25,000. எட்டு சொந்த ஊர் மேட்சுக்கு 18 லட்சம். செலவுப் பக்கம் 12 ஆட்டக்காரர், ஆளுக்கு மாதம் 40,000, நாலு மாதம்: 19,20,000. பயிற்சியாளர், ஃபிசியோ, அரங்க வாடகை, பயணம், நடுவர் எதுவும் இன்னும் தொடவில்லை. ஆக டிக்கெட் காசு ஆட்டக்காரர் சம்பளத்துக்கே பத்தாது. மேட்ச் எண்ணிக்கையை எட்டில் இருந்து பதினாறாக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்து ஜனத்தொகை ஒன்பதரை லட்சம். கூடைப்பந்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் அதில் ஒரு சின்ன வட்டம், அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வரணும். மேட்ச் இரட்டிப்பானால் ஒவ்வொரு மேட்சிலும் கூட்டம் மெலியும். முதல் வருடம் ஆறு, அதிகபட்சம் எட்டு. மிச்சம் சட்டையில் போடுகிற விளம்பரத்திலும் சீசன் பாஸிலும்தான் வரணும். உடனே "நம்ம ஊர்ல சரக்குக் கம்பெனிக்கா பஞ்சம்" என்று யாரும் எழுத வேண்டாம். மது விளம்பரத்தோடு எந்த டிவியும் காட்டாது.

டிக்கெட்டை 500க்குள் வையுங்கள். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டி என்றால் அதுவரை ஜிஎஸ்டி கிடையாது, தாண்டினால் 18 சதவீதம். "அங்கீகரிக்கப்பட்ட" என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு, கூடைப்பந்து சம்மேளனத்தின் கடிதம் கையில் இருக்கணும். அந்தக் கடிதம் இன்னொன்றுக்கும் வேணும். நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களில் பலர் ரயில்வே, வங்கி, ராணுவம் என்று வேலையில் இருப்பவர்கள். துறை தடையில்லாச் சான்று தராமல் உங்கள் சட்டையைப் போட மாட்டார்கள். சீசனுக்கு மூன்று மாதம் முன்னாலேயே விண்ணப்பம் போகணும். பட்டியல் அறிவித்த பிறகு சான்று வராமல் சென்டர் (ரிங் பக்கம் ஆடும் உயரமான ஆள்) இல்லாமல் நிற்பதுதான் வழக்கமான விபத்து.

தேதி: ஐப்பசி, கார்த்திகை மழை, விடுங்கள். மார்ச், ஏப்ரல் பரீட்சை. எனக்குத் தோதாகப் படுவது பொங்கல் முடிந்ததில் இருந்து பிப்ரவரி கடைசி வரை ஆறு வாரம். நடுவில் மாசிமகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் போலீஸ் எல்லாம் அங்கேதான் நிற்கும், உங்களுக்குப் பந்தோபஸ்து கிடைக்காது. சனி, ஞாயிறு வேண்டாம் என்பேன். எல்லா ஊரிலும் அதுதான் நல்ல நாள், இங்கே மட்டும் இல்லை. வார இறுதியில் சுற்றுலாக் கூட்டத்தால் அறை வாடகை ஏறும், வெளியூர் அணிக்குப் பத்துப் பன்னிரண்டு அறை பிடிப்பதற்குள் அந்த மேட்ச் வசூலில் ஒரு பங்கு போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலையும் நெரியும். புதன், வியாழன் சாயங்காலம் 6:30க்கு ஆரம்பியுங்கள். நாலு பத்து நிமிடம், இடைவேளை, டைம்அவுட் எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம். 8:15க்கு முடிந்தால் கடலூர்க்காரர் நிம்மதியாகப் பஸ் பிடிப்பார். ஒன்பதைத் தாண்டினால் மூன்றாவது கால்பகுதியிலேயே எழுந்து போவார்.

இன்னொரு வழியும் உண்டு: எல்லா அணியும் ஒரே ஊரில் கூடி ஆடுவது. பிரைம் வாலிபால் லீக்கின் 2024 சீசன் முழுவதும் சென்னை நேரு உள்ளரங்கத்திலேயே நடந்தது. பயணச் செலவு பாதிக்கு மேல் மிச்சம்.

கோவில்பட்டி லெஃப்ட்ஹாஃப்

ஹாக்கி ஊர்னு தலைப்புல போட்டுட்டு, மைதான ஹாக்கிக்குப் பேர் போன கோவில்பட்டிக்காரங்க எங்களைக் கேக்காம விட்டா எப்படி.

கணக்கு சார் கடைசியா சொன்ன வழியில எனக்குச் சம்மதம் இல்லை. ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பர்ல திரும்ப ஆரம்பிச்சப்போ தமிழ்நாடு டிராகன்ஸ்னு நமக்கு அணி வந்துச்சு. அந்த சீசன் மொத்தமும் ரூர்கேலா, ராஞ்சியிலதான் நடந்துச்சு. பேருல மட்டும் தமிழ்நாடு, டிவியில பாத்தோம், அவ்வளவுதான். ஒரே ஊர்ல கூடி ஆடினா செலவு மிச்சம், வாஸ்தவம். ஆனா சீசன் பாஸ் யாருக்கு விப்பீங்க? உங்க ஊர்ல ஆடாத அணிக்கு உப்பளத்துக்காரன் ஏன் முன்பணம் கட்டணும்? கூடைப்பந்துலயும் ஐஎன்பிஎல் (இந்தியக் கூடைப்பந்து லீக்) 2022ல ஆறு அணியோட தொடங்கினப்போ சென்னை ஹீட் இருந்துச்சு. அந்த அணிக்குச் சென்னையில சீசன் பாஸ் வாங்கின எத்தனை பேரைத் தெரியும்?

ஹாக்கிக்காரன் கூடைப்பந்து பாக்க மாட்டான்கிறதும் தப்பு. ஆளை ஆள் பிடிக்கிறது, சுழல்ல ஆள் மாத்துறது, வேகமா எதிர்த்தாக்குறது எல்லாம் ரெண்டுக்கும் பொது. விதி புரியாம எந்திரிச்சுப் போறவன் குறைவு.

மஞ்சக்குப்பம்22

அப்போ முதலாளி யாரையும் பிடிக்காம, சின்ன அளவுல சோதிச்சுப் பாக்க வழி உண்டா?

முத்தியால்பேட்டை கணக்கு

கோவில்பட்டிக்காரர் சொன்னது நியாயம், சீசன் பாஸை நான் அந்த இடத்தில் மறந்துவிட்டேன்.

சோதனைக்கு: ஜனவரி கடைசி வாரம், செவ்வாய், புதன், வியாழன். நாலு அணி, தினம் ஒரு மேட்ச். மூன்று நாளும் காசு டிக்கெட், 100 ரூபாய். இலவசப் பாஸைத் தனி நிறத்தில் அடியுங்கள், வாசலில் தனிப் பெட்டியில் கிழித்துப் போடுங்கள். இல்லையென்றால் அரங்கம் நிறைந்த போட்டோவைப் பார்த்து நீங்களே ஏமாறுவீர்கள். முதல் நாள் உறவு, நட்பு எல்லாம் வரும், அந்தக் கணக்கை விடுங்கள். மூன்றாம் நாள் காசுப் பெட்டியை மட்டும் எண்ணுங்கள். 600 டிக்கெட்டுக்கு மேல் இருந்தால் அடுத்த வருடம் ஆறு மேட்ச் பேசலாம்.

தரைக்காரன்

மூணு நாளும் கதவு திறக்கறதுக்கு முன்னாடி தரை சூட்டை எழுதி வெச்சிட்டு வாங்க.