ஒளிப்படம் எப்போது ஆவணமாகிறது? பள்ளிக்கரணை, எண்ணூர்ப் படங்களை முன்வைத்து ஒரு கேள்வி

தரமணி நடையர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னையில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் கேமராவோடு கிளம்பிவிடுவது சில ஆண்டுகளாகப் பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகள், எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுவோர், காசிமேட்டின் அதிகாலை ஏலம், தஞ்சாவூர் வரை போய்வந்த ஊர்கள் என்று வன்தட்டு நிரம்பிக்கொண்டே இருக்கிறது. நல்லவற்றைத் தேர்ந்து இணையத்தில் இட்டால் பாராட்டு வருகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நண்பர் ஒருவர், இவை அழகான படங்களே தவிர ஆவணங்கள் அல்ல என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை.

பயணம், இயற்கை, சமூகச் சிக்கல்கள் ஆகியவற்றைப் படமெடுக்கும் ஒருவர் எதைச் செய்தால் இருபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் படம் சான்றாக நிற்கும்? வண்ணத்தையும் வெளிச்சத்தையும் எந்த அளவுக்குத் திருத்தலாம்? உழைப்பவர்களைப் படமெடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் அனுமதி பெறுவது நடைமுறையில் இயலுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

வணக்கம் ஐயா. கோயில்களின் பக்கமிருந்து ஒரு பதில் சொல்கிறேன்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்துவந்த தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. கண்காட்சியில் மாட்டி வியக்கும் வகைப் படங்கள் அல்ல அவை; சிலையை நேராக வைத்துப் பார்த்தாற்போன்ற, அலங்காரமற்ற பதிவுகள். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கிய நடராசர், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோனவர்தாம் என்று நிறுவ உதவியது இத்தொகுப்பிலிருந்த 1994ஆம் ஆண்டுப் படம். சிட்னியிலிருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரருக்கு 1974ஆம் ஆண்டுப் படம் அவ்வாறே சான்றாயிற்று. இரு சிலைகளும் 2014இல் நாடு திரும்பின. எந்தக் கோயில், எந்த ஆண்டு என்ற குறிப்பு படத்தோடு ஒட்டியிருந்திராவிட்டால், ஒரு நடராசரைப் போன்ற இன்னொரு நடராசர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதாகச் சொல்லியிருப்பார்.

இன்னும் பின்னே போனால், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். கல்வெட்டின் தொடர்ச்சி அறுபடக் கூடாது என்ற அக்கறை இல்லாமல் எவரும் அந்தப் பாட்டைப் பட்டிருக்க மாட்டார்கள். அதனால் பயணப் படங்களைப் பொறுத்தவரை என் யோசனை எளிது: ஊருக்குள் நுழைந்தவுடன் பெயர்ப் பலகையை ஒரு படம் எடுங்கள், கோயிலோ குளமோ, முதலில் முழுத் தோற்றம், பிறகு நான்கு பக்கம், அதன் பிறகு உங்கள் கலை. கேமராவின் கடிகாரம் சரியான தேதியைக் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கலத்தை நெடுநாள் கழற்றி வைத்தால் சில கேமராக்கள் தேதியை மறந்துவிடும். பிறகு எல்லாப் படமும் ஏதோ ஒரு சனவரி முதல் தேதியில் எடுத்ததாக நிற்கும்.

நீர்க்கோழி எழுதியது:

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் இயற்கையைப் படமெடுக்கும்போது இடமும் தேதியும் சரியாக இருந்தும் படம் பொய் சொல்ல முடியும் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இந்தச் சதுப்பு நிலத்தின் பரப்பு 1,200 ஹெக்டேருக்குச் சற்று மேல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பரில் கடல் போல் நீர் நிற்கும். கத்திரி வெயிலில் அதே இடம் வெடித்துக் கிடக்கும். ஓராண்டின் டிசம்பர்ப் படத்தையும் இன்னோர் ஆண்டின் மே மாதப் படத்தையும் அருகருகே வைத்து நிலம் அழிந்துவிட்டது என்று காட்டினால், நிலம் உண்மையிலேயே சுருங்கிக்கொண்டிருந்தாலும் அந்தப் படங்கள் அதற்குச் சான்றாகா. எண்ணூரில் இந்தச் சிக்கல் ஒரே நாளுக்குள் வந்துவிடும். ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், வற்றும்போது தெரியும் சேற்றுத் திட்டு, ஓதம் ஏறியதும் நீருக்கடியில் போய்விடும். எனவே மாதத்தோடு, கழிமுகமானால் ஓதத்தின் நிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

லென்ஸும் பேசும். நெடுந்தொலைவு டெலிஃபோட்டோ லென்ஸில் பார்த்தால், பூநாரைகள் பெருங்குடிக் குப்பைமேட்டின் மடியிலேயே நிற்பதுபோல் தோன்றும்; இடையில் உள்ள தூரம் முழுவதும் சுருங்கிவிடும். பத்திரிகை அட்டைக்கு அது நல்ல படம். குப்பை எவ்வளவு நெருங்கிவிட்டது என்று அளக்க நினைப்பவருக்கு அது உதவாது. நான் பரிந்துரைப்பது, அசையாத அடையாளம் ஒன்றை, ஒரு மின்கோபுரத்தையோ பாலத்தின் கைப்பிடியையோ தேர்ந்து, அதே இடத்தில் நின்று, லென்ஸின் அதே குவியத் தொலைவில் (ஜூம் அளவில்), ஆண்டுதோறும் அதே மாதத்தில் எடுப்பது. சலிப்பூட்டும் வேலைதான், ஒருவரும் 'பிரமாதம்' என்று எழுத மாட்டார்கள்.

இதனால் அழகு தேவையில்லை என்று ஆகிவிடாது. சென்னைவாசியான மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்து, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் மான்களையும் பதிவுசெய்தவர். அந்தப் படங்கள் அவருடைய கட்டுரைகளோடு சேர்ந்து வந்ததால், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்பதெல்லாம் வாசகருக்குத் தெரிந்தது. அழகும் குறிப்பும் ஒருவரிடமே கூடிவந்தன. நம்மில் பலரிடம் முன்னது மட்டுமே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கூடு, குஞ்சு, அரிய பறவை ஆகியவற்றின் துல்லியமான இடத்தை உங்கள் குறிப்பேட்டில் வையுங்கள், இணையத்தில் இடாதீர்கள். உயிரினங்களைக் கண்ட பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் உயிரினங்களின் இடத்தைத் தாமே மங்கலாக்கிவிடுகின்றன. சனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமைகளிடம் ஃபிளாஷ் அடிப்பவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் என் மொழி இந்த மன்றத்தின் விதிகளை மீறிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வடசென்னைக்காரி எழுதியது:

எண்ணூர் என்ற பெயர் வந்ததால் எழுதுகிறேன். எங்கள் கடலில் 2017 சனவரி இறுதியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்தது. இரண்டு முறையும் மனிதர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். தேதியை எடுத்துவிட்டால் எந்தப் படம் எந்த ஆண்டுக்குரியது என்று எங்கள் தெருக்காரர்களே தடுமாறுவார்கள். இழப்பீடு கேட்டு மனு எழுதுகிறவருக்கு அந்தத் தடுமாற்றத்தின் விலை என்ன என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்.

அனுமதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1876–78 தாதுவருடப் பஞ்சத்தின்போது, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி, சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் பஞ்சத்தின் கொடுமை நமக்கு வெறும் எண்ணிக்கையாகவே வந்து சேர்ந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவற்றில் இருப்பவர்களின் பெயர்கள் இல்லை; நிவாரண முகாமில் இருப்போர் என்பது போன்ற பொதுத் தலைப்புகளே உண்டு. பின்னர் 1886இல் பர்மாவில், மரண தண்டனை நிறைவேற்றப்படும் கணத்தைப் படமெடுக்க முயன்றதற்காக அதே மனிதர் விசாரணைக்கு உள்ளானார். கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கு எதிரே இருப்பவர் காட்சிப்பொருளாகிவிட்டால், அது பஞ்சத்தோடு நின்றுவிடுவதில்லை.

இன்னொரு வழியும் நம் கண் முன்னேயே இருக்கிறது. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவரும் பழனி குமார், அவர்களுடைய பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. அதில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நேர்ந்த பிறகு எடுக்கும் படம் ஒருபுறம் இருக்கட்டும். குழிக்குள் இறங்குமுன் கையுறை கொடுக்கப்பட்டதா, முகமூடி இருந்ததா, மேலே நின்று ஏவியவர் யார் என்பதைக் காட்டும் படமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதே சமயம், தொழிலாளியின் முகம் தெரிந்தால் மறுநாள் அவருக்குத்தான் வேலை போகும்; ஏவியவருக்கு ஒன்றும் ஆகாது. கையை எடுங்கள், கருவியை எடுங்கள், வண்டியின் எண்ணை எடுங்கள். முகத்தை அவர் சம்மதித்தால் மட்டும் எடுங்கள்.

தரமணி நடையர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரு சிறு ஐயங்கள் எஞ்சியுள்ளன. படத்தைத் திருத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. மேலும், அன்று சம்மதித்த ஒருவர் பின்னாளில் படத்தை நீக்கச் சொன்னால் என்ன செய்வது?

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

முதல் ஐயத்துக்கு: வெளிச்சத்தை ஏற்றி இறக்குவதிலும், கறுப்பு வெள்ளையாக்குவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஒரு மின்கம்பியையோ நெகிழிப் பையையோ அழித்தால் அது ஆவணம் என்ற தகுதியை அந்தக் கணமே இழக்கிறது. ஓரத்தை வெட்டுவதும் சிறு செயல் அன்று. குப்பைமேடு வெட்டுப்பட்ட சதுப்பு நிலம் வேறு ஊராகிவிடும். ஆகவே ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பை, தொடாமல் தனியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நாள், இடம் முதலிய தகவல்கள் உதிர்ந்துவிடும். சான்றாக அனுப்புவதை 'டாக்குமென்ட்' என்றே அனுப்புங்கள்.

வடசென்னைக்காரி எழுதியது:

நீக்கச் சொன்னால் நீக்கிவிடுங்கள். நீக்குவதற்கு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா, அதனால் பெயரையும் தெருவையும் அன்றே எழுதி வையுங்கள். உங்கள் எண்ணையும் அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். காசிமேட்டில் ஏலம் நடக்கும் நேரத்தில் யாரிடமும் சம்மதம் கேட்க முடியாது, கேட்டாலும் வசவுதான் கிடைக்கும். பகலில் வலை பழுதுபார்க்கும் நேரத்தில் போய், முந்தைய முறை எடுத்த படங்களின் அச்சுப் பிரதிகளைக் கொடுங்கள். எது யாருடைய படகு, எந்த மீன் இப்போது வருவதில்லை என்று படத்தைப் பார்த்து அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். அதைப் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.