டாங்கோ ஆட ஒரு மாதம்: புவெனஸ் ஐரிஸா, பெர்லினா?

நடைவண்டி:
அடுத்த வருடம் நீண்ட விடுப்பு கிடைக்கிறது. டாங்கோ ஆடுவதற்காகவே ஓர் ஊரில் ஒரு மாதம் தங்க எண்ணம். கற்றுக்கொண்டது பாரீஸில். கோடையில் சேன் நதிக்கரையில் ஆடும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஃபாலோ (துணையின் நடத்தலைப் பின்பற்றி ஆடுவது) மட்டும்தான் தெரியும், லீட் செய்ய (ஆட்டத்தை நடத்த) வராது. தனியாகத்தான் போவேன். பாதிப் பேர் புவெனஸ் ஐரிஸ் என்கிறார்கள், மீதிப் பேர் பெர்லின், இஸ்தான்புல் என்கிறார்கள். அங்கெல்லாம் ஆடியவர்கள் சொல்லுங்கள்.

தெற்குநதி:
புவெனஸ் ஐரிஸ். இதில் யோசிக்கவே வேண்டாம்.

வில்லா உர்கிசா பகுதியில் சந்தர்லாந்து என்று ஒரு கிளப். கூடைப்பந்து ஆடும் தளத்தில்தான் மிலோங்கா, அதாவது டாங்கோ ஆடக் கூடும் நிகழ்ச்சி, நடக்கும். சுற்றிலும் மேசை போட்டுக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தி சார்லி இசைக்குழுவின் பாட்டு தொடங்கியதும் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் எழுந்து வருவார். பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார், நடப்பார், அவ்வளவுதான். வயலின் இழுக்கும் இடத்தில் காலை எவ்வளவு தாமதமாக வைக்க வேண்டும், பியானோ வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். அந்த நிறுத்தத்தில் ஐரோப்பியர்கள் நாலு அலங்காரத்தைச் செருகிவிடுவார்கள். பாட்டின் வரிகள் அவருக்கு மனப்பாடம், அவர் அப்பா காலத்துப் பாட்டு அது. இந்தத் தொடர்ச்சியை வேறு எந்த ஊரிலும் வாங்க முடியாது.

வடக்குவாசி:
தெற்குநதி, நீங்கள் சொல்லும் தொடர்ச்சி எனக்கு இடிக்கிறது. டாங்கோவின் பொற்காலம் ஏறக்குறைய 1935 முதல் 1955 வரை. அர்ஜென்டினாவில் அதிபர் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது, பின்னாலேயே ராக் இசை வந்தது, ராணுவ ஆட்சிகள் வந்தன. இளைஞர்கள் டாங்கோவை விட்டு விலகினார்கள். இன்று எழுபது வயதுக்காரர் என்றால் அவருடைய இருபது வயது 1970-களில். பெரும்பாலும் அவரும் பிறகு கற்றுக்கொண்டவராகத்தான் இருப்பார். 1983-இல் ‘டாங்கோ அர்ஹென்தினோ’ மேடை நிகழ்ச்சி பாரீஸில் அரங்கேறி, 1985-இல் பிராட்வே போய், அதன் பிறகுதான் உலகம் முழுக்க மறுபடியும் வகுப்புகள் முளைத்தன. புவெனஸ் ஐரிஸிலேயே டாங்கோ மீண்டதிலும் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. பரம்பரை இருந்தால்தான் ஆட்டம் வரும் என்பதும் சரியில்லை. 2009-இல் அந்த ஊரிலேயே நடந்த உலகப் போட்டியில், சலோன் பிரிவில் (மேடைக்கல்ல, கூடத்தில் ஆடும் பாணி) வென்றது ஒரு ஜப்பானிய இணை.

அதைவிட முக்கியம், இவர் கேட்டது வேறு. தனியாகப் போகும் ஒரு பெண்ணோடு யார் ஆடுவார்கள்? பழைய மரபு மிலோங்காக்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தூரத்திலிருந்து கண்ணால்தான் அழைப்பு. அறிமுகம் இல்லாதவருக்குப் பின் வரிசை நாற்காலி கொடுப்பார்கள், அங்கிருந்து யார் கண்ணிலும் பட மாட்டார். அப்படி ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்து திரும்பியவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே பெர்லினில் பெண்கள் லீட் செய்கிறார்கள், பாதிப் பாட்டில் இருவரும் பாத்திரம் மாற்றிக்கொள்கிறார்கள். ஆண் வந்து அழைக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

தெற்குநதி:
கண்ணால் அழைப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும். கபேசெயோ என்பார்கள். ஒரு தாண்டா (ஒரே இசைக்குழுவின் நான்கு பாட்டுத் தொகுப்பு) முடிந்ததும் கோர்த்தினா என்ற சின்ன இடையிசை வரும், தளம் காலியாகும். அடுத்த தாண்டாவின் முதல் பாட்டு தொடங்கும். அது யாருடைய இசைக்குழு என்று கேட்ட பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். தி சார்லியா, தாரியென்சோவா? அதற்கு ஏற்ற ஆளைத் தேடுவார்கள். கண் சந்தித்தால் லேசாகத் தலையசைப்பு. வேண்டாம் என்றால் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். யாருக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை, யாருக்கும் அவமானமில்லை. ஒருவர் நேரே வந்து கை நீட்டி நின்றால் ஒரு பெண் எப்படி மறுப்பாள்? பிடிக்காத அணைப்பில் நான்கு பாட்டு நின்றாக வேண்டும். இந்த விஷயத்தில் அந்தக் கட்டுப்பாடு பெண்ணுக்குத்தான் காவல். நான் அதை உயிராக மதிக்கிறேன்.

பாத்திரம் மாற்றுவது பெர்லினுக்கு மட்டும் சொந்தம் என்பது போலவும் எழுதாதீர்கள். ‘லா மார்ஷல்’ என்ற குயர் (பால்புதுமையினர்) மிலோங்கா புவெனஸ் ஐரிஸில் 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

வடக்குவாசி:
அது தனி மிலோங்கா. சாதாரண மிலோங்காவிலேயே இரண்டு பெண்கள் ஆடினால் யாரும் திரும்பிப் பார்க்காத ஊர் எது என்பதுதான் என் கேள்வி. கபேசெயோ நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சண்டை இல்லை, நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் பார்வை படும் இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதை அமைப்பாளர் முடிவு செய்யும்போது, காவலும் அவர் கைக்குப் போய்விடுகிறது.

ஆயிரம்ஏரி:
ஃபின்லாந்திலிருந்து. எங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, இங்கே ஆடுவது வேறு டாங்கோ என்பார்கள். உண்மைதான், இசையும் அடவும் வேறு. ஆனால் சேனயோக்கி ஊரில் 1985 முதல் டாங்கோவுக்கென்றே கோடைத் திருவிழா நடக்கிறது. ‘சாட்டுமா’ என்ற 1955-ஆம் ஆண்டுப் பாட்டு தெரியாத பெரியவர்களைப் பார்ப்பது கஷ்டம். ஏரிக்கரை நடன மேடைகளில் நேரே போய்த்தான் கேட்பார்கள், மறுப்பது மரியாதை இல்லை. இரண்டு பாட்டு ஆடி, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பெண்கள் மட்டும் அழைக்கும் நேரமும் உண்டு. அந்த நேரத்தில் ஆண்கள் வரிசையாகக் காத்து நிற்பார்கள்! இரண்டே பாட்டு என்பதால் பிடிக்காத அணைப்பும் சீக்கிரம் முடிந்துவிடும், தெற்குநதி.

பாஸ்பரஸ்கரை:
இஸ்தான்புலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. துருக்கி மொழியிலேயே டாங்கோ இசைத்தட்டுகள் 1930-களில் வந்துவிட்டன, செய்யான் ஹனிம் பாடிய ‘மாஸி’ இன்றும் ஒலிக்கிறது. இளையவர்கள் அதிகம், நெருங்கிய அணைப்பில் நன்றாக நடக்கிறார்கள். புது முகம் என்றால் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள், நாலு பேருக்கு அறிமுகம் செய்து வைப்பார்கள். பாரீஸிலிருந்து பக்கமும்கூட.

நடைவண்டி:
எல்லாவற்றையும் படித்தேன். அக்கறையாக எழுதியதற்கு நன்றி. எனக்குப் பயமே அந்தப் பின் வரிசை நாற்காலிதான். தெற்குநதி, அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

தெற்குநதி:
சொல்கிறேன். முதல் இரவே ‘எல் பேசோ’ மாதிரி சின்ன, நெருக்கமான, கட்டுப்பாடான கூடத்துக்குப் போகாதீர்கள். ‘லா விருதா’வில் வகுப்பு உண்டு, வகுப்பில் ஆடியவர்களே பிறகு உங்களை அழைப்பார்கள். பெல்கிரானோவில் ‘லா குளோரியேதா’ திறந்தவெளி மண்டபம், மேசையும் கிடையாது, வரிசையும் கிடையாது. மரபு மிலோங்கா என்றால் சீக்கிரமே போங்கள், முன்கூட்டியே சொல்லி இடம் பிடியுங்கள். அடுத்த வாரமும் அதே இடத்துக்குப் போனால் அமைப்பாளர் முகம் தெரிந்து முன்னால் உட்கார வைப்பார். ஒரு மாதம் தங்குபவருக்கு அது நடக்கும், ஒரு வாரம் வருபவருக்கு நடக்காது.

அப்புறம் ரோண்டா. அத்தனை நெரிசலிலும் தளம் முழுக்க ஒரே சுற்றாக, இடஞ்சுழியாக நகரும். முன்னால் இருப்பவரை முந்த மாட்டார்கள், யார் முழங்கையும் உங்கள் மேல் படாது, கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம். பெர்லினில் எனக்கு அது கிடைத்ததே இல்லை.

வடக்குவாசி:
ஒரு பெண் நாலு வாரம் முகம் காட்டினால்தான் முன் வரிசை என்றால், அந்த விலை அதிகம் என்றுதான் இப்போதும் சொல்வேன். இடிபடுவது எங்கள் ஊரில் உண்டு, மறுக்கவில்லை. பாத்திரம் மாற்றி ஆடுபவர்கள் அதில் மேல் என்பது என் அனுபவம், பின்னோக்கி நடப்பவரின் முதுகு எப்படி உணரும் என்று அவர்களுக்குத் தெரியும். நடைவண்டி, எந்த ஊருக்குப் போனாலும் கிளம்பும் முன் லீட் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் நீங்களே எழுந்துபோய் ஒருவரை அழைக்கலாம்.

தெற்குநதி:
மரபு மிலோங்காவில் அதைச் செய்ய வேண்டாம், நடைவண்டி. அங்கே எழுந்துபோய் அழைப்பது ஆணுக்கே மரியாதை இல்லை. மற்ற இடங்களில் தாராளமாகச் செய்யுங்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதுங்கள், எந்தக் கிழமை எங்கே என்று வரிசையாகப் போடுகிறேன்.