பால் கொடுக்கும் தாய்க்குப் பதற்ற மாத்திரை: நிறுத்த வேண்டியது பாலையா, மாத்திரையையா?

கேள்வி: ஆறு வாரக் குழந்தை, 4 கிலோ. தாய்க்குப் பதற்றம், தூக்கமின்மை. எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி.யும் குளோனாசிபாம் 0.5 மி.கி.யும் சேர்ந்த மாத்திரை, இரவு ஒன்று. தாய்ப்பால் தொடரலாமா?

மணிமாறன்: கூடாது. மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. குளோனாசிபாம் பெரியவர் உடம்பிலேயே பாதியாகக் குறைய 30 முதல் 40 மணி நேரம் பிடிக்கும். கைக்குழந்தையின் கல்லீரல் இன்னும் மந்தம். தினமும் துளித்துளியாகப் போனால் சேரத்தானே செய்யும்? பவுடர் பாலுக்கு மாறிவிடலாம்.

நிலா: தாளில் இருப்பது கம்பெனியின் தற்காப்பு வாசகம், அளவைச் சொல்லாது. ஆர்.ஐ.டி. என்று ஒரு கணக்கு உண்டு. தாய் கிலோவுக்கு எடுப்பதில் எத்தனை சதவீதம் பால்வழியாகக் குழந்தைக்குக் கிலோவுக்குப் போகிறது என்பது அது. 10-க்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். எஸ்சிட்டலோபிராமின் வகையைச் சேர்ந்த செர்ட்ராலினுக்குச் சராசரி 0.5தான். 60 கிலோ தாய் 50 மி.கி. போட்டால் இந்தக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 0.017 மி.கி. அந்த மாத்திரையை மூவாயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டு! எஸ்சிட்டலோபிராம் 5-ஐ ஒட்டி வரும், அதுவும் வரம்புக்குள்தான்.

மணிமாறன்: செர்ட்ராலினை யார் கேட்டார்கள்? குளோனாசிபாமுக்குப் பதில் சொல்லுங்கள்.

நிலா: அதில் உங்களுக்குப் பாதி நியாயம் உண்டு. ஆனால் பென்சோ (குளோனாசிபாம் சேர்ந்த மருந்து வகை, பென்சோடயசிபைன்) எல்லாம் ஒன்றல்ல. டயசிபாம் மோசம்: அது உடைந்து உருவாகும் பொருளும் வேலை செய்யும், நாள்கணக்கில் தங்கும். லோரசிபாம் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகும், வீரியமுள்ள மிச்சம் வைக்காது. 2012-ல் வெளியான கனடா ஆய்வில் பென்சோ எடுத்துக்கொண்டே பாலூட்டிய 124 தாய்மாரில் 2 பேரின் குழந்தைகளுக்கே மயக்கம் தெரிந்தது. அந்த இருவரும் மற்றவர்களைவிட அதிக மயக்க மருந்துகளைச் சேர்த்து எடுத்தவர்கள்.

மணிமாறன்: சரி, மாத்திரை போட்டு நாலு மணி நேரப் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டால்?

நிலா: 30 மணி நேர மருந்துக்கு நாலு மணி நேரம் என்ன செய்யும்? மார்பு கட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

செல்வி: சேர்ப்பு மாத்திரைதான் இங்கே சிக்கல். எஸ்சிட்டலோபிராம் பிடிக்க 2 முதல் 4 வாரம் ஆகும். குளோனாசிபாம் அதுவரைக்கான முட்டு. அந்த முட்டு வேண்டாமென்று மாத்திரையை உடைத்தால் எஸ்சிட்டலோபிராமும் பாதியாகிவிடும். தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாதக்கணக்கில் போட்டவர் குளோனாசிபாமைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பே வரலாம்.

குழந்தை பாலுக்கு எழுப்பியும் எழாமல் சொக்கிக் கிடந்தாலோ, நாளுக்கு ஆறு தடவைக்குக் குறைவாக ஈரமாக்கினாலோ, எடை ஏறாமல் நின்றாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தை என்றால் பென்சோ விஷயத்தில் நான் மணிமாறன் பக்கம். இன்னொன்று, பாலைவிடப் பெரிய ஆபத்து: அந்த மாத்திரை போட்ட இரவில் குழந்தையை ஒரே பாயில் போட்டுக்கொள்வது. கை எட்டும் தூரத்தில் தனிப் படுக்கை வேண்டும்.

மணிமாறன்: செர்ட்ராலினை ஒப்புக்கொள்கிறேன். குளோனாசிபாமில் என் கருத்து மாறவில்லை. அது கிடக்கட்டும், டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா? பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி வந்தாலும் இதே படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மைதான். அதற்குப் பதற்ற மாத்திரை தீர்வே இல்லை.

நிலா: இதை முதல் பதிவிலேயே கேட்டிருக்கலாம் நீங்கள்.