மீன் தொட்டிக்கு நிலவொளி: வளர்பிறை, தேய்பிறையை ஆர்டுயினோவில் அமைப்பது எப்படி?

கல்லடி வாவிக்கரை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்றடி நீளமான நன்னீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. நீர்த்தாவரங்களுடன் ஏஞ்சல் மீன்களும், அடித்தளத்தில் மேயும் சிறிய கெளுத்தி வகை மீன்கள் சிலவும் அதில் உள்ளன. கடையில் வாங்கிய விளக்கில் 'நிலவு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் விடியும்வரை ஒரே அளவில் நீல ஒளி எரிந்துகொண்டிருக்கும். அமாவாசைக்கும் அதே ஒளி, பூரணையான நோன்மதி நாளுக்கும் அதே ஒளி என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே வெள்ளை எல்.ஈ.டி. பட்டிகளை நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறிய மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஊனோவுடன் இணைத்து, காலையில் மெல்லக் கூடி மாலையில் மெல்லக் குறையும் பகலொளியையும், பிறைக்கேற்ப மாறும் நிலவொளியையும் நானே அமைக்க விரும்புகிறேன். பிறையை நிரலில் எவ்வாறு கணிப்பது, மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வரும்போது நேரம் குழம்பாமல் எவ்வாறு பார்த்துக்கொள்வது, இரவு முழுவதும் ஒளி இருப்பது மீன்களுக்குக் கேடா என்ற மூன்றையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். வேலைக்குச் சென்று மாலையில்தான் வீடு திரும்புகிறேன் என்பதால், தொட்டியின் பகலை நண்பகல் 1 மணி முதல் இரவு 9 மணி வரை வைத்துக்கொள்ளும் எண்ணமும் உண்டு.

காரைதீவு ஆசிரியர்:

தம்பி, பிறைக் கணக்கு உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகுவதற்கு எடுக்கும் காலமே ஒரு திதி. முப்பது திதிகளில் 360 பாகையும் நிறைவடைகின்றன. ஒரு நாளுக்கு 24 மணி என்றால், 12 பாகைக்கு 48 நிமிடம். இதிலிருந்து கிடைக்கும் விதி மிக எளியது. வளர்பிறையில், தொட்டியின் சூரியன் மறைந்தவுடன் நிலவை ஏற்றி, திதி எண்ணை 48 நிமிடத்தால் பெருக்கி வரும் நேரத்தில் அணைத்துவிடுங்கள். தேய்பிறையில், சூரியன் மறைந்த பின் அதே அளவு நேரம் முழு இருளில் விட்டு, அதன் பிறகே நிலவை ஏற்றுங்கள். வளர்பிறை அட்டமியன்று நிலவு ஏறத்தாழ ஆறரை மணி நேரம் இருந்து மறையும். தேய்பிறை அட்டமியன்று அவ்வளவு நேரம் இருள் கழிந்த பின்பே அது எழும்.

நிரலில் திதியைக் கையால் எழுதவேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி கிரீனிச் நேரம் 18:14 க்கு அமாவாசை நிகழ்ந்தது. யுனிக்ஸ் நேரத்தில், அதாவது 1970 ஜனவரி 1 முதல் செக்கன்களாக எண்ணும் முறையில், அது 947182440. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையான சராசரிக் காலம் 29.53 நாள், அதாவது 2551443 செக்கன். இப்போதைய நேரத்திலிருந்து முதலாவது எண்ணைக் கழித்து, இரண்டாவதால் வகுத்து, மீதியை எடுத்தால் பிறையின் வயது கிடைக்கும். மாதத்தை முப்பது பங்காக்கினால், அந்த வயது எத்தனையாவது பங்கில் விழுகிறதோ அதுவே திதி. அது 15 ஐத் தாண்டினால் தேய்பிறை, அப்போது 15 ஐக் கழித்துவிட்டு எண்ணுங்கள். உங்கள் மணிக்கூடு இலங்கை நேரத்தைக் காட்டினால் முதலில் 19800 செக்கனைக் குறைக்க மறக்கவேண்டாம். ஊனோவில் தசம எண்கள் ஏழு இலக்கத்துக்கு மேல் நம்பத்தகாதவை. எனவே முழு எண்களையே பயன்படுத்துங்கள். இது சராசரிக் கணக்கு என்பதால் பஞ்சாங்கத்துடன் அரை நாள் வரை, சில மாதங்களில் அதற்குச் சற்று மேலாகவும் முன்பின் ஆகலாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்குமே வேறுபாடு இருக்கும் நாட்டில், மீன்கள் இதைப் பெரிதுபடுத்தமாட்டா.

ஒளியின் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். அரைநிலவின் ஒளி முழுநிலவின் பாதியன்று. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். நிலவின் ஒளிர்ந்த பங்கை மும்மடியாக்கினால், அதாவது 0.5 × 0.5 × 0.5 = 0.125 என எடுத்தால், உண்மைக்கு அருகில் வரும். நிறத்தையும் மாற்றுங்கள். நிலவொளி என்பது சந்திரனில் பட்டுத் திரும்பும் வெயில். அது வெயிலைவிடச் சற்றுச் செம்மை கலந்தது. மங்கலில் நம் கண்ணுக்குத்தான் அது நீலமாகத் தோன்றுகிறது. ஆகவே சற்று மஞ்சள் சாயலுள்ள வெள்ளை எல்.ஈ.டி. போதும்.

காத்தான்குடி மின்வேலை:

ஆசிரியர் சொன்ன கணக்கு சரி. கருவிப் பக்கத்தை நான் சொல்கிறேன். நண்பகல் வெயில் முழுநிலவைவிட ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு பிரகாசமானது. ஊனோ சாதாரணமாகத் தருவதோ 255 ஒளிப் படிகள் மட்டுமே. பகல் விளக்கின் மிகக் குறைந்த படியும் நிலவாகாது. எனவே நிலவுக்குத் தனியாக ஒரே ஓர் எல்.ஈ.டி. வைத்து, 12 வோல்ற் வழங்கலில் 10 கிலோ ஓம் தடையியைத் தொடராக இணையுங்கள். ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே பாயும். அதன் பின்னரே 255 படிகளும் பயன் தரும். பகல் பட்டிகளுக்கு ஐ.ஆர்.எல்.இசட். 44 என் போன்ற, 5 வோல்ற்றிலேயே முழுமையாகத் திறக்கும் மொஸ்பெற் (மின்னணு ஆளி) தேவை. பெயரில் 'எல்' இல்லாததை வாங்கினால் அது அரைகுறையாகத் திறந்து சூடேறும்.

மின்தடைக்கு மருந்து டி.எஸ். 3231 மணிக்கூட்டுச் சில்லு. தன் பற்றரியில் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே பிசகும். மலிவான பலகைகளில் அந்தப் பற்றரிக்கு மின்னேற்றும் சுற்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சாதாரண சி.ஆர். 2032 பற்றரி போடுவதானால் அந்தச் சுற்றின் தடையியையோ டயோட்டையோ கழற்றிவிட வேண்டும், இல்லாவிடில் பற்றரி வீங்கும். நிரலை எழுதும்போது 'விளக்கை ஏற்று, எட்டு மணி நேரம் காத்திரு, அணை' என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு செக்கனும் மணிக்கூட்டைக் கேட்டு, இந்நேரத்தில் ஒளி எவ்வளவு இருக்கவேண்டும் என்று புதிதாகக் கணிக்கச் செய்யுங்கள். அப்போது எத்தனை முறை மின்சாரம் போய் வந்தாலும் விளக்கு சரியான இடத்திலிருந்தே தொடரும். ஒரேயொரு திருத்தம்: மின்சாரம் திரும்பியதும் ஒளியை ஒரு நிமிடத்துக்குள் மெல்ல உயர்த்துங்கள். திடீரென வெளிச்சம் பாய்ந்தால் ஏஞ்சல் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும்.

கல்குடாக் கரையான்:

இரவு முழுவதும் ஒளி கேடா என்று கேட்டிருந்தீர்கள். மீனுக்கும் இருள் வேண்டும். இருளில்தான் அதன் உடலில் இரவை உணர்த்தும் ஓமோனான மெலற்றோனின் சுரப்பு உயர்கிறது. கெளுத்தி வகை மீன்கள் இருட்டிய பின்னரே தாராளமாக இரை தேடும். முட்டையிட்ட ஏஞ்சல் சோடிக்கு மட்டும் மங்கிய ஒளியை விடிய விடிய விடுவோர் உண்டு. தாய் தந்தை முட்டையைக் காவல் காக்க அது உதவும் என்பார்கள். மற்றபடி இருள் இல்லாத நிலவு வெறும் இரவு விளக்குத்தான்.

எங்கள் பாசிக்குடாக் கடலில் உள்ளவை போன்ற பவளங்களின் கதையைப் பாருங்கள். பவளங்கள் பல முழுநிலவு கழிந்த சில இரவுகளில் ஒன்றாக முட்டை வெளியிடுகின்றன. சூரியன் மறைவுக்கும் நிலவு எழுவதற்கும் இடையில் முதன்முதலாக வரும் அந்த இருளே அவற்றுக்கு அடையாளம் என்று தாய்வானில் நடந்த ஆய்வு ஒன்று 2021 இல் காட்டியது. இலண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தினர் தொட்டிக்குள்ளேயே பகல், நிலவு, வெப்பநிலை மூன்றையும் கணினியால் இயக்கிப் பவளங்களை முட்டையிடச் செய்து, அந்த முறையை 2017 இல் வெளியிட்டார்கள். இதை வாசித்துவிட்டு யாரும் கரையிலிருந்து பவளம் எடுக்கக்கூடாது. அது சட்டப்படி குற்றம்.

கல்லடி வாவிக்கரை:

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. என் தொட்டியில் சூரியன் இரவு 9 மணிக்கு மறைந்தால், நிலவையும் உண்மையான வானத்திலிருந்து மூன்று மணி நேரம் தள்ளவேண்டுமா?

காரைதீவு ஆசிரியர்:

ஆம் தம்பி, தள்ளியே ஆகவேண்டும். வானத்து நேரத்தைத் தொட்டியின் பகலுடன் கலந்தால் பூரணை நிலவு பகல் விளக்கின் நடுவே எழுந்து வீணாகும். மட்டக்களப்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை என்பதால் பருவத்துக்கேற்ப மாற்றும் தொல்லையும் நமக்கில்லை. அந்தி ஒளி அரை மணிக்குள் அடங்கட்டும். நம் ஊர் அந்தியும் அவ்வளவுதான். தொட்டி சாளரத்தருகே இருந்தால், காலை முழுவதும் அறைக்குள் வரும் வெளிச்சத்தைத் திரையால் மறையுங்கள். அதைச் செய்யாவிட்டால் எட்டு மணி நேரப் பகல் பதினைந்து மணி நேரமாகி, கண்ணாடியெங்கும் பாசி படரும்.